நானூற்றுப் பன்னிரண்டு முதல் பெயர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு ஒற்று விட்டுப்போனால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பத்திரிகையால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் கண்டெய்னர் லாரிகள் நின்றன என்றால் தப்பு யார் மேல்? என் மேல் இல்லை. தன் மேல் பாதிதான் என்று செங்கொடி சொல்கிறாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

செங்கொடி வியாசர்பாடிப் பெண். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. என்னோடு ராயபுரத்தில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைகளை அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. கீழே வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை, மேலே இரண்டு மாடி நாங்கள். எங்கோ ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் கிறுக்கி அனுப்பிய சமன்பாடு, கீழே கயிறு வாங்க வந்தவர்கள் போடுகிற சண்டைச் சத்தத்தில்தான் இங்கே வரிசைக்கு வரும்.

அவள் வேலை மேக்ரோ எழுதுவது. மேக்ரோ என்றால் பயப்பட வேண்டாம். டீக்கடையில் போய், "மாஸ்டர், எனக்கு வழக்கம்போல" என்கிறோம் இல்லையா? டிகாஷன் தூக்கல், சர்க்கரை அரை, கண்ணாடி கிளாஸ், நல்ல சூடு என்று மாஸ்டர் புரிந்துகொள்கிறார். அதுதான் மேக்ரோ. "இவருக்கும் அதே, ஆனா சர்க்கரை வேணாம்" என்றால் அது இன்னும் கொஞ்சம் பெரிய மேக்ரோ. நாங்கள் பக்கம் கோக்கிற மென்பொருளுக்கு டெக் என்று பெயர். அதில் ஒரு சாய்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு பெயர் எழுதி, அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்ன வேலை செய் என்று சொல்லி வைத்துவிடலாம். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அது வந்து எழுத்தை முன்னால் பின்னால் மாற்றும், பெயரைப் புரட்டிப் போடும், வரிசையைக் கலைத்து அடுக்கும். சொன்னதை மட்டும் செய்யும்.

"மனுசங்க மாரி இல்ல சார் இது," என்பாள் செங்கொடி. "இன்னா சொல்றமோ அத்தத்தான் செய்யும். பேஜாரே அதான்."

பி.எஸ்சி. கணக்குப் படித்துவிட்டு வெறும் தட்டச்சு வேலைக்குத்தான் வந்தாள். மற்றவர்கள் எழுதிய மேக்ரோக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து மூன்றே வருஷத்தில் அவர்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அதோடு விட்டாளா? கையில் சுத்தியல் வைத்திருக்கிறவளைப்போல எதைப் பார்த்தாலும் ஆணி என்று அடித்தாள். சாக்கடை அடைப்புக்கு மனு எழுத ஒரு மேக்ரோ, தெரு விளக்குக்கு ஒரு மேக்ரோ. தெருப் பெயரையும் தொல்லையையும் கொடுத்தால் "ஐயா, வணக்கம்" முதல் "இப்படிக்கு" வரை மனு தயார். மழைக்காலத்தில் சடையங்குப்பத்திலிருந்துகூட ஆள் வந்து வாங்கிப் போவார்கள்.

தனக்கு லீவு லெட்டர் எழுதவும் ஒன்று வைத்திருந்தாள். யாருக்கு, எத்தனை நாள், என்ன காரணம், இந்த மூன்றையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் நிஜமாகவே காய்ச்சல். மண்டை கிறுகிறுவென்று இருக்கும்போது வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். எங்கள் மேனேஜர் வில்சன் மேசைக்கு வந்த கடிதம் இது: "மதிப்பிற்குரிய காய்ச்சல் அவர்களுக்கு, வில்சன் சார் காரணமாக எனக்கு இரண்டு நாள் விடுப்பு தேவைப்படுகிறது."

வில்சன் அதைப் படித்துவிட்டு அனுமதி கொடுத்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "பாலகணேஷ், நான் அந்தப் பொண்ண அவ்ளோ டார்ச்சரா பண்றேன்?" என்று கேட்டார். பாவம், கண் கலங்கியிருந்தது. நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஆபீஸே நிம்மதியாக இருந்தது.

இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நிலவன், காத்திவாக்கம் பையன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. அவனால் ஒரு பிரச்னையும் இல்லை. பிரச்னை செங்கொடியின் தாய்மாமன்கள்.

மூன்று பேர். பெரியவர் நீலமேகம், எண்ணூரில் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடுவில் உள்ளவர் வல்லரசு, மணலியில் ஒரு தொழிற்சாலையில் யூனியன் தலைவர். கடைசி துரை, வியாசர்பாடியில் கேரம் கிளப் நடத்துகிறார். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. செங்கொடியின் அக்கா ரமாபாய் கல்யாணத்தில் ஆரம்பித்தது. அந்தப் பத்திரிகையில் நீலமேகம் பெயர் முதலில், வல்லரசு பெயர் அடுத்து. துரை பெயருக்கு இடம் பத்தாமல் அச்சகத்துக்காரர் பின்பக்கம் போட்டுவிட்டார். கல்யாணத்தன்று மூன்று பேரும் மண்டபத்தின் மூன்று மூலையில் நின்றார்கள். மணப்பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியது தாய்மாமன். ஒருவரும் மேடை ஏறவில்லை. கடைசியில் சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாலையை எடுத்துக் கொடுத்தார். போட்டோவில் இன்றைக்கும் அந்த ஆளும் அவருடைய கரண்டியும் இருக்கிறார்கள். ராஜாத்தி அம்மா அந்த ஆல்பத்தைத் திறக்கவே மாட்டார்.

ராஜாத்தி அம்மாதான் செங்கொடியின் தாய். புருஷன் போய் இருபத்து மூன்று வருஷம். இந்தத் தடவை அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"மூணு பேரும் ஒண்ணா நின்னு மாலை எடுத்துக் குடுக்கணும். இல்லன்னா நான் மண்டபத்தாண்டயே வர்ல. நீயே போய் கட்டிக்கோ."

சொன்னால் செய்கிற மனுஷி. செங்கொடி நடுங்கிப்போனாள்.

பேச்சுவார்த்தை நடத்தினாள். மூன்று மாமன்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தாள். அவர்கள் பேசிக்கொண்ட விதத்தை அவள் வந்து சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. எல்லாம் அவள் மூலமாகத்தான்.

"செங்கொடி, மணலிக்காரர்கிட்ட சொல்லிடு. வயசுல பெரியவன் நான்தான். அப்பாலிக்கா இன்னா பேச்சு?"

"எண்ணூர்க்காரர்கிட்ட சொல்லும்மா. நான் எந்தப் போஸ்டர்லயும் ரெண்டாவதா வந்ததில்ல. யூனியன்ல கேட்டுப் பாக்கச் சொல்லு."

"ரெண்டு பெரிய மனுசங்ககிட்டயும் கேளு கண்ணு. அவசரம்னா மொதல்ல வந்து நிக்கிறது யாரு? அவங்களா? இந்தத் தொரைதானே?"

ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு இவள் திரும்பித் திரும்பிச் சொல்ல வேண்டும். கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று மறுநாள் நிஜமாகவே தைலம் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

அகரவரிசையில் போடலாம் என்றாள். துரை முதலில் வந்துவிட்டார், மற்ற இருவரும் எழுந்து போய்விட்டார்கள். பெயர்களை வட்டமாகப் போட்டாள். வட்டத்துக்கு ஏது முதல்? இருக்கிறதாம். பன்னிரண்டு மணி முள் இருக்கும் இடம்தான் முதல் என்று நீலமேகம் கண்டுபிடித்தார். மூன்று பெயரையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். இடது பக்கம் இருக்கிறவன்தான் முதல் என்றார் வல்லரசு. இப்படி ஆராய்ச்சி செய்கிற மூளையை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் எண்ணூர் ஆற்றில் மின் நிலையத்துச் சாம்பல்கூட இருந்திருக்காது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அழுதாள். செங்கொடி அழுது நான் பார்த்ததே இல்லை.

"யார சார் நான் ரெண்டாவதா போடுவேன்? எங்கப்பா செத்தப்ப எனக்கு ஆறு வயசு. வாரத்துக்கு ஒருத்தர்னு மொற வெச்சு மூணு பேரும் என்னை ஸ்கூலுக்கு இட்டுகினு போனாங்க. பெரிய மாமா சைக்கிள்ல. நடு மாமா தோள்ல. சின்ன மாமாவுக்கு சைக்கிளும் இல்ல, தெம்பும் இல்ல, கைய புடிச்சுகினு கத சொல்லிகினே வருவாரு. இதுல யாரு ஃபர்ஸ்ட்டு, யாரு செகண்டு?"

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தாள். அப்படியே கை நின்றது. "மொற வெச்சு..." என்று மறுபடியும் சொன்னாள். டப்பாவை மூடிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். அந்தக் கத்திரிக்காய்க் குழம்பை நான்தான் சாப்பிட்டேன்.

அவள் எழுதிய மேக்ரோ இதுதான். பத்திரிகையின் அடியில் "தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்" என்று போட்டுப் பெயர்ப் பட்டியல் வரும் இல்லையா? அந்தப் பட்டியலை ஒரே மாதிரி அச்சடித்தால்தானே சண்டை? பத்திரிகை யாருக்குப் போகிறதோ அவர் பெயர் பட்டியலில் இருந்தால், அதைத் தூக்கி முன்னால் வை. நீலமேகம் கையில் இருக்கும் பத்திரிகையில் நீலமேகம் முதல். வல்லரசு கையில் வல்லரசு முதல். துரை கையில் துரை. சாதாரண விருந்தாளிகளுக்குப் போகிற பத்திரிகையில் மூன்று பேரும் முறை வைத்து முதலில் வருவார்கள். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசப்போவதில்லை, பத்திரிகையை ஒப்பிட்டுப் பார்க்கப்போவதும் இல்லை. என்ன மூளை! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது.

நடுவில் நிலவனின் அத்தை கன்னியம்மா காத்திவாக்கத்திலிருந்து போன் போட்டார். "என் பேரு இல்லாம எப்படி? என்னை இன்னா செத்துட்டான்னு நெனச்சீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தார். இன்னும் எத்தனை அத்தை விட்டுப்போயிருக்கிறதோ என்று செங்கொடிக்குப் பயம். மேக்ரோவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தாள். பட்டியலில் பெயர் இருந்தால் முன்னால் வை. இல்லையென்றால், சேர்த்து முன்னால் வை. உறவுக்காரர்களின் பெயர்க் கோப்பை மட்டும் மேக்ரோவுக்குக் கொடுத்து ஓட்டுவதற்காக எழுதிய வரி அது. எழுதினாள், கன்னியம்மா அத்தையைச் சமாதானம் செய்தாள், அந்த வரியை மறந்துவிட்டாள்.

என்னிடம் மெய்ப்புக்கு வந்தது நீலமேகத்தின் பிரதி. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். "மகிழ்ச்சியுடன்" என்பதில் ஒற்று விட்டிருந்தது, போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி சரியாக இருந்தால் எல்லாப் பிரதியும் சரி, இதுதான் எங்கள் தொழில். ஐநூறு வருஷமாக அச்சுத் தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு பிரதியும் வேறு வேறாக இருக்கும் என்று இவள் சொல்லித் தெரிந்தும், என் கை பழக்கதோஷத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஓகே போட்டது.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு அவள் சாலமோனின் அச்சகத்துக்குப் போனாள். சாலமோன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் டிஜிட்டல் அச்சகம் வைத்திருக்கிறார். உறவுக்காரர் கோப்பு, முழு விருந்தாளிக் கோப்பு, இரண்டும் அதில் இருந்தன. எதைப் போட என்று அவர் கேட்டார். முழுசையும் போட்டுடுங்கண்ணாச்சி என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்.

"என்னம்மா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வருது?" என்று சாலமோன் கேட்டாராம்.

"அப்பிடித்தான் வரும்ணாச்சி. நீங்க பாட்டுக்கு அடிங்க," என்றாளாம் பெருமையாக.

எனக்கும் பத்திரிகை வந்தது. உறையைப் பிரித்தேன். "தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்" என்று போட்டு, முதல் பெயர்: பாலகணேஷ். அதற்குக் கீழேதான் நீலமேகம், வல்லரசு, துரை எல்லாம். இந்தப் பெண் மனதில் எனக்கு இப்படி ஓர் இடமா? சொந்த மாமன்களுக்கு மேலேயா? பெண்டாட்டியிடம் காட்டினேன். அவள் ஒருமுறை என்னையும் ஒருமுறை பத்திரிகையையும் பார்த்தாள். புதுச் சட்டை எடுத்தோம். ஆபீசில் யாரிடமும் மூச்சு விடவில்லை, மற்றவர்கள் மனசு கஷ்டப்படுமே என்று. இருபத்திரண்டு வருஷ மெய்ப்புக்காரனுக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? தன் பெயரைப் பார்த்தவுடன் மூளை லீவு போட்டுவிட்டது.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்குத் திருவொற்றியூர் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். முதல் பெயர்க்காரன் வாசலில் நின்று வரவேற்க வேண்டாமா?

வாசலில் இருநூறு பேர் நின்றார்கள்.

முன்வரிசையில் வில்சன். வெள்ளை வேட்டி, கையில் பன்னீர்ச் சொம்பு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து தெளித்தார். "வாங்க, வாங்க பாலகணேஷ்! நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம்!"

"சார், நீங்க வாங்க. நான்தான் உங்கள வரவேற்கணும்," என்றேன்.

"அது எப்படி? என் பேருதானே முதல்ல இருக்கு," என்று மடித்து வைத்திருந்த பத்திரிகையை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்.

சுற்றிலும் பார்த்தேன். காஸ் சிலிண்டர் போடுகிறவர் கையில் சந்தனக் கிண்ணம். கேரம் கிளப் ஆட்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கல்கண்டுத் தட்டு. ராஜாத்தி அம்மாவுக்கு இஸ்திரி போட்டுத் தருகிறவர், பிளட் பிரஷர் பார்க்கிற நர்ஸ், கீழ்க்கடையில் நைலான் கயிறு விற்கிறவர். எல்லோரும் புதுத் துணி. எல்லோர் முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே கர்வம். எல்லோரும் மற்றவர் மனசு கஷ்டப்படக் கூடாதென்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நல்லவர்கள்.

ஒன்பது மணிக்குள் நானூறு பேர் ஆகிவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் திரும்பி நின்று வரவேற்க ஆரம்பித்தார்கள். வரவேற்கப்படத்தான் ஆள் இல்லை. கிடைத்தவரை விடுவார்களா? பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கூட்டம் சாலையில் வழிந்து, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஹாரன் அடித்த ஒரு ஒடிசா டிரைவருக்கு ஜன்னல் வழியாகச் சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, "இருந்து சாப்ட்டுதான் போகணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

அப்போதுதான் மாமன்கள் வந்தார்கள். மூன்று ஆட்டோ, மூன்று திசை. மூன்று பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வாசலில் இடம் இல்லை.

"யோவ், தள்ளு. பத்திரிகைல மொத பேரு என்னுது," என்றார் நீலமேகம் இஸ்திரிக்காரரைப் பார்த்து.

"இன்னா பெர்சு, காமெடியா? மொத பேரு என்னுது," என்று அவர் தன்னுடையதை நீட்டினார்.

நீலமேகம் படித்தார். முகம் கறுத்தது. ஓரக்கண்ணால் வல்லரசின் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், மணலிக்காரர் கைல கீற பத்திரிகைய இப்பிடிக் காட்டச் சொல்லுங்க."

நான் வல்லரசிடம் சொன்னேன். வல்லரசு நீட்டினார். "எண்ணூர்க்காரர் கைல கீறதையும் கேரம்போர்டு கைல கீறதையும் வாங்கிக் குடுங்க சார்." வாங்கிக் கொடுத்தேன். மூன்று பத்திரிகையையும் லாரி முகப்பில் விரித்து வைத்து மூன்று தலையும் குனிந்தன. மூன்றிலும் மூன்று முதல். நான் மெதுவாகப் பின்வாங்கினேன். துரை என் புதுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் என்னை இழுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குள் நுழைந்தார்கள். செங்கொடி வெள்ளைப் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராஜாத்தி அம்மா.

"இன்னாம்மா இது? எது நெசம்?" என்றார் நீலமேகம்.

"மூணும் நெசந்தான் மாமா."

"டபாய்க்கிறியா? இதுல யாரு மொதல்ல, அத்த சொல்லு," என்றார் வல்லரசு.

"நானூறு பேர்ல ஒருத்தனா என்னை ஆக்கிட்டியே கண்ணு," என்றார் துரை. அவர் குரல்தான் உடைந்திருந்தது.

செங்கொடி எழுந்தாள். அந்த வாய் எங்கே போகும்?

"நானூறு பேரு என் தப்பு. ஒரு வரிய மறந்துட்டேன். ஆனா நீங்க மூணு பேரும் மூணு பத்திரிகைல மொதல்ல வந்தது தப்பே இல்ல, வேணும்னேதான் போட்டேன். உங்க மூணு பேருக்கு இன்னா புடிக்கும், இன்னா புடிக்காதுன்னு ஒம்போது வருசமா பாத்துகினே கீறேன். எனக்கு இன்னா புடிக்கும்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அவர்கிட்ட சொல்லு, இவர்கிட்ட சொல்லுன்னு ஒம்போது வருசமா உங்களுக்கு நடுவுல போஸ்ட்மேன் வேல பாக்கறேன். இன்னிக்கு எனக்குக் கல்யாணம். இன்னிக்கு ஒரு நாளாவது லீவு குடுங்க மாமா."

ராஜாத்தி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. கல்யாணம் நடத்திவைக்க வந்த பிக்கு நின்றார். "புத்தர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு. மாப்பிள்ளை ரெடி. ஆனா மண்டபத்துல ஒருத்தரும் இல்ல. நாற்காலிகளை சாட்சியா வெச்சுக் கல்யாணம் பண்ண முடியுமா?" என்று பொறுமையாகக் கேட்டார்.

போய்ப் பார்த்தோம். நானூறு சிவப்பு நாற்காலி, அத்தனையும் காலி. வாசலில் ஜே ஜே என்று கூட்டம். உள்ளே வரச் சொன்னால் ஒருவரும் வரவில்லை. "வூட்டுக்காரங்க மொதல்ல போய் உக்காருவாங்களா? வர்றவங்க உக்காரட்டும் சார்," என்று எல்லோரும் எனக்கு நாகரிகம் சொல்லிக்கொடுத்தார்கள். மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தோம். வில்சன் கை தட்டினார், அசையவில்லை.

பிக்கு மாமன்களிடம் திரும்பினார். "நீங்க தாய்மாமன். நீங்க போய் முன்வரிசையில உக்காந்தா மத்தவங்க வருவாங்க. யாராவது முதல்ல உக்காருங்க."

முன்வரிசை நாற்காலிகளுக்கு எதிரே மூன்று பேரும் நின்றார்கள். உட்காரவில்லை. வாசலில் நானூறு பேர் வீட்டுக்காரர்களாக நிற்கும்போது, இவர்களில் எவன் முதலில் விருந்தாளியாகப் போய் உட்காருவான்?

"செங்கொடி, எண்ணூர்க்காரர உக்காரச் சொல்லு," என்றார் வல்லரசு.

செங்கொடி அதற்குள் மேடைக்குப் போய் நிலவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழாததுபோல விட்டத்து மின்விசிறியைப் பார்த்தாள்.

"சார், நீங்க சொல்லுங்க," என்று நீலமேகம் என்னிடம் வந்தார். "மணலிக்காரர..."

"எனக்கும் இன்னிக்கு லீவு," என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

நீலமேகத்துக்கு வியர்த்தது. ராஜாத்தி அம்மா மேடைக்குப் பக்கத்தில் மாலைத் தட்டோடு நின்று மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்தது.

"ணா," என்றார் வல்லரசு. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ உக்காரு."

நீலமேகம் திரும்பி அவரைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. "நீ உக்காருடா."

"பெரியவன் நீதானே? நீ உக்காரு மொதல்ல."

"நீதான யூனியன் லீடரு? நீ உக்காரு."

"யாராவது உக்காருங்கபா. எனக்கு முட்டி வலிக்குது," என்றார் துரை.

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். யார் முதல் என்று நான் உற்றுப் பார்த்தேன், தொழில் புத்தி. தெரியவில்லை. மாமன்கள் உட்கார்ந்ததைப் பார்த்து இஸ்திரிக்காரர் உள்ளே வந்தார், பின்னால் நர்ஸ், பின்னால் கேரம் கிளப், அப்புறம் மொத்தக் கூட்டமும். ஒடிசா டிரைவர்கூட ஓரமாக வந்து நின்றார். லாரியை யார் ஓரங்கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. ராஜாத்தி அம்மா வாய் விட்டு அழுதார். அழட்டும் என்று யாரும் தேற்றவில்லை.

நான் அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். துரை நடுவில். நீலமேகம் மேடையில் இருந்த செங்கொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சாய்ந்தார்.

"தொரை, பாப்பா ரொம்ப எளச்சிட்டா இல்ல?"

"ஆமாண்ணா. நான் ஆறு மாசமா சொல்லிகினுதான் கீறேன்."

"எங்கிட்ட எங்கடா சொன்ன?"

வல்லரசு குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து பிக்கு மாலைக்கு ஆள் கூப்பிட்டார். மூன்று பேரும் எழுந்தார்கள்.